குழாயும் ‘டேப்’, நாடாவும் ‘டேப்’! 20 ஆங்கில உயிர் ஒலிகளோடு மல்லுக்கட்டும் மாணவர்கள்

தண்ணீர்க் குழாய்க்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? ‘டேப்’.

தையல்காரர் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவுக்கு? அதுவும் ‘டேப்’.

பூனை ‘கேட்’. வாசல் கதவும் ‘கேட்’. வாசல் கதவு மீது பூனை ஏறியதை நம் எழுத்தில் எழுதினால், ‘கேட்’ மீது ‘கேட்’ ஏறியதாக வரும்!

எழுத்தில் மட்டும்தான் இந்தக் குழப்பம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். காதிலும் இதே குழப்பம் இருக்கிறது.

ஒரு இங்கிலாந்துக்காரர் குழாயையும் நாடாவையும் சொன்னால், அவருக்கு அவை இரண்டு வேறு ஒலிகள். நம் ஊர் மாணவர்களைக் கேட்டால், “சார், ரெண்டும் ஒண்ணாத்தான் சார் கேக்குது” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர்களுக்கு அப்படித்தான் கேட்கிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான், பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவ-மாணவிகளுக்கு ‘போனடிக்ஸ்’ என்னும் ஒலியியல் பாடம் வைத்து இருக்கிறார்கள். ஒரு ஒலிக்கு ஒரு குறி. சொல்லைக் கேட்க வேண்டும். அதில் வரும் உயிர் ஒலி எது என்று பிரிக்க வேண்டும். அதற்கு உரிய குறியைப் போட வேண்டும். இதுதான் பாடம்.

ஆனால் நடப்பது என்ன? சொல்லைக் கேட்காமலே குறியைப் போடுகிறார்கள். மார்க்கும் வாங்குகிறார்கள்!

5 எழுத்து, 20 ஒலி

ஆங்கிலத்தில் உயிர் எழுத்துக்கள் 5. இது எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரியும்.

உயிர் ஒலிகள் எத்தனை? பாடப்புத்தகத்தில் உள்ள இங்கிலாந்து உச்சரிப்புப்படி 20. அதில் 12 தனி ஒலி. மீதி 8, ஒரு ஒலியில் தொடங்கி இன்னொன்றில் போய் முடியும் கூட்டு ஒலி. ‘பாய்’ என்று பையனை அழைக்கும்போது வாய் ஒரு இடத்தில் தொடங்கி வேறு இடத்தில் முடிகிறது அல்லவா, அந்த மாதிரி.

5 பேர் 20 பேருடைய வேலையைப் பார்த்தால் என்ன ஆகும்? ஆளுக்கு நாலு வேடம் போட வேண்டும். ஆங்கில எழுத்துக்கள் அதைத்தான் செய்கின்றன.

தமிழில் அந்தத் தொல்லை இல்லை. அ முதல் ஔ வரை 12 எழுத்து. எழுதியபடி படிக்கலாம். இந்த வசதியோடு வளர்ந்த பிள்ளை, ஆங்கிலத்திலும் எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்கிறது. அங்கேதான் சறுக்குகிறது.

ஒரு உதாரணம். ஆஸ்பத்திரி நர்ஸ். பெண்ணைக் குறிக்கும் கேர்ள். பூமியைக் குறிக்கும் எர்த். சொல்லைக் குறிக்கும் வேர்டு. நம் வாயில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வருகிறது. எழுத்தும் ஒன்றில் ‘யூ’, ஒன்றில் ‘ஐ’, ஒன்றில் ‘இ’யும் ‘ஏ’யும், இன்னொன்றில் ‘ஓ’.

ஆனால் இங்கிலாந்துக்காரர் வாயில் நான்கிலும் வருவது ஒரே உயிர் ஒலி! போட வேண்டிய குறியும் ஒன்றே.

இந்த நான்கையும் வேறு நான்கு சொற்களோடு கலந்து கரும்பலகையில் எழுதி, “ஒரே ஒலி உள்ளதை ஒண்ணா சேருங்க” என்று சொன்னால் போதும். எழுத்தைப் பார்த்துச் சேர்ப்பவர் யார், ஒலியைக் கேட்டுச் சேர்ப்பவர் யார் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கவிழ்ந்த எழுத்துக்கள்

குறிகளைப் பார்த்ததும் மிரண்டு போகிற மாணவர்கள் உண்டு. மிரள வேண்டியது இல்லை. பாதிக்கு மேல் பழகிய முகங்கள்தான். கொஞ்சம் கவிழ்ந்தும் திரும்பியும் நிற்கின்றன.

சின்ன ‘இ’ எழுத்தைத் தலைகீழாகப் போட்டால் ஒரு குறி. ‘வி’ எழுத்தைக் கவிழ்த்துக் கூடாரம் போல வைத்தால், ‘கப்’பில் வரும் ஒலி. ‘சி’ எழுத்தை வலமிருந்து இடமாகத் திருப்பினால் ‘ஓ’வுக்கும் ‘ஆ’வுக்கும் நடுவே ஒரு ஒலி. ‘ஏ’யும் ‘இ’யும் முதுகோடு முதுகு ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளை போல நிற்பது பூனைக்கு உரிய ஒலி. நர்ஸ் ஒலிக்கு, கணக்கில் வரும் 3 போன்ற ஒரு குறி. குதிரை லாடம் போலக்கூட ஒன்று இருக்கிறது. பக்கத்தில் மேலும் கீழுமாக 2 புள்ளி வைத்தால் நீட்டிச் சொல்ல வேண்டும் என்று பொருள்.

இவற்றை உருவாக்கியவர்களும் வாத்தியார்கள்தான். 1886-ல் பாரீஸ் நகரில் பால் பாசி என்பவர் தலைமையில் மொழி ஆசிரியர்கள் சிலர் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். 1888-ல் முதல் குறிப் பட்டியல் வந்தது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் பட்ட பாடுதான் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

பிறகு லண்டனில் டேனியல் ஜோன்ஸ் வந்தார். 1917-ல் உச்சரிப்பு அகராதி வெளியிட்டார். அதே ஆண்டில் உயிர் ஒலிகளைத் தன் குரலில் சொல்லி, கிராமபோன் இசைத்தட்டாகவும் பதிவு செய்தார். குறியைத் தாளில் பார்த்தால் மட்டும் போதாது, காதால் கேட்டே ஆகவேண்டும் என்பது 100 ஆண்டுக்கு முன்பே அவருக்குத் தெரிந்து இருக்கிறது!

பெர்னார்டு ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில், பூ விற்கும் பெண்ணுக்குப் பேச்சுப் பழக்கும் பேராசிரியர் 130 உயிர் ஒலிகளைப் பிரித்து அறிவார் என்று ஒரு இடம் வரும். அது நாடகம். நம் மாணவர்களுக்கு 20 போதும்.

பாங்கா, பேங்கா?

நம் காதில் என்ன நடக்கிறது என்பதற்கு நம் பேச்சிலேயே சாட்சி இருக்கிறது.

பணம் போடும் இடத்தைப் பெரியவர்கள் ‘பாங்க்’ என்பார்கள். இளைஞர்கள் ‘பேங்க்’ என்பார்கள். இரண்டுமே சரியான ஒலி அல்ல. அது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நடு ஒலிக்கு நம்மிடம் எழுத்து இல்லை. ஆகவே சிலர் ‘ஆ’ வீட்டில் குடி வைத்தார்கள், சிலர் ‘ஏ’ வீட்டில் குடி வைத்தார்கள்.

குழாயும் நாடாவும் ஒன்றாகப் போனது இப்படித்தான். குழாயில் வருவது ‘பேங்க்’கில் வரும் அந்த நடு ஒலி. நாடாவில் வருவது வேறு. ‘ஏ’ என்று தொடங்கி ‘இ’ பக்கமாக நழுவும் கூட்டு ஒலி. நாம் இரண்டையும் ஒரே ‘ஏ’க்குள் தள்ளிவிட்டோம்.

கோட்டு போட்ட வக்கீல் கோர்ட்டுக்குப் போகிறார். நாம் ‘ர்’ சேர்த்துச் சொல்வதால் தப்பித்தோம். இங்கிலாந்துக்காரர் கோர்ட்டில் ‘ர்’ சொல்லமாட்டார். அவர் வாயில் கோட்டுக்கும் கோர்ட்டுக்கும் உயிர் ஒலி மட்டுமே வேறுபாடு. அதைக் காது பிரிக்காவிட்டால் வக்கீல் கோட்டுக்குள்ளேயே நிற்க வேண்டியதுதான்!

குறியின் உபயோகம் இங்கேதான். காதுக்குள் 12 பெட்டிகளை வைத்துக்கொண்டு வருகிற மாணவரிடம், “இன்னும் சில பெட்டி இருக்குப்பா” என்று காட்டுவதற்கு ஒரு பெயர்ச்சீட்டு வேண்டும். குறி என்பது அந்தச் சீட்டு. பெட்டியைத் திறந்து காட்டாமல் சீட்டை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் என்ன பயன்?

தொல்காப்பியர் துணை

நாக்கு, உதடு பற்றிச் சொல்லும்போது, “இது புரியாத பாடம்” என்று மாணவர்கள் முகம் சுளிப்பது உண்டு. அவர்கள் ஒன்றை மறந்து விடுகிறார்கள். இதை அவர்களுக்குத் தொல்காப்பியரே சொல்லி இருக்கிறார்.

பிறப்பியலில் 12 உயிரையும் மூன்று கூட்டமாகப் பிரிக்கிறார். அ, ஆ இரண்டும் வாய் திறப்பதால் பிறப்பவை. இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்துக்கும் வாய் திறப்பதோடு நாக்கின் ஓரம் மேல்பல்லைச் சாரும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் உதடு குவியும். ஆங்கில ஒலியியல் புத்தகத்தில் நாக்கின் முன்பக்கம், பின்பக்கம், உதட்டுக் குவிவு என்று படம் போட்டு விளக்குவதன் அடிப்படையும் இதுதான்.

காய்ச்சலுக்குப் போனால் டாக்டர் ஏன் ‘ஆ’ சொல்லச் சொல்கிறார்? ‘ஈ’ சொல்லச் சொன்னால் நாக்கு மேலே எழும்பித் தொண்டையை மறைத்துவிடும். ‘ஆ’வுக்கு நாக்கு கீழே படுத்துவிடும். வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

தலைகீழ் ‘இ’ குறிக்கு உரிய ஒலிதான் ஆங்கிலத்தில் அதிகமாக வருவது. ‘ஷ்வா’ என்று பெயர். எபிரேய மொழியில் இருந்து வந்த பெயர். ‘டீச்சர்’ என்பதன் கடைசியில் வாய்க்குள்ளேயே அடங்கிப் போகும் ஒலி. ‘போட்டோகிராப்’ என்னும்போது முதல் ‘போ’ பளிச்சென்று கேட்கும். ‘போட்டோகிராபி’ என்று ஆகும்போது அழுத்தம் இரண்டாவது அசைக்குப் போய்விடும். முன்னே இருந்த ‘போ’ சுருங்கி ஷ்வா ஆகிவிடும். எழுத்து மாறவில்லை, ஒலி மாறிவிட்டது.

தமிழ் வகுப்பில் குற்றியலுகரம் படித்தவருக்கு இது புதிது அல்ல. ‘காசு’, ‘பாட்டு’ என்பதில் கடைசி ‘உ’ உதடு குவியாமல், ஒரு மாத்திரையில் பாதியாகக் குறைந்து ஒலிக்கிறது. ஒலியின் இடம் வேறு என்றாலும், ‘உயிர் சுருங்கும்’ என்ற சங்கதி நம் வீட்டுச் சொத்து. இதை எடுத்துச் சொல்கிற ஆங்கில ஆசிரியர் வகுப்பில் தூங்குகிறவர்கள் குறைவு.

நம் பழக்கம் உதவுவது போலவே காலை வாரியும் விடும். ‘எ’யில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஒரு ‘ய்’ நம்மை அறியாமல் ஓடி வரும். எம்.எல்.ஏ. என்பவர் பேச்சில் ‘யெம்மெல்லே’ ஆவது இதனால்தான். ‘ஒ’ முன்னால் ‘வ்’ வரும். ‘ஒண்ணு’ என்பது ‘வொண்ணு’ ஆகும். ‘பஸ்’ஸுக்குப் பின்னால் ஒரு ‘உ’ ஒட்டிக்கொண்டு ‘பஸ்ஸு’ வரும். காதில் விழாததால் இவற்றைச் சொல்கிறோம் என்பதே நமக்குத் தெரிவது இல்லை.

2 புள்ளி செய்த வம்பு

பெரிய சறுக்கல் இன்னொன்று இருக்கிறது.

கப்பலுக்கு ‘ஷிப்’. ஆட்டுக்கு ‘ஷீப்’. “இதென்ன கஷ்டம்? ஒண்ணு குறில், ஒண்ணு நெடில்!” என்று தமிழ் மாணவர் உடனே பதில் சொல்வார். பாதி சரி.

தமிழில் குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை. ஆங்கிலத்தில் நீளம் மட்டும் பேசாது. கப்பலுக்கு நாக்கு சற்றுக் கீழே இறங்கி, நடுப்பக்கம் தளர்ந்து நிற்கும். ஆட்டுக்கு மேலே ஏறி விறைப்பாக நிற்கும். இடமே வேறு.

இன்னும் கேளுங்கள். உட்காரும் ‘சீட்’டில் வரும் நெடில், விதையைக் குறிக்கும் ‘சீட்’டில் வரும் நெடிலைவிடக் குட்டை. பின்னால் வரும் மெய் ஒலி வல்லோசையாக இருந்தால் முன்னால் உள்ள உயிர் சுருங்கும் என்பது ஆங்கிலத்தின் வழக்கம். நீளத்தை மட்டும் நம்பிக் குறி போடுகிறவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

இதில் டிக்‌ஷனரிக்கும் பங்கு உண்டு. ஜோன்ஸ் அகராதியின் பழைய பதிப்புகளில் கப்பலுக்கும் ஆட்டுக்கும் ஒரே குறி. ஆட்டுக்கு மட்டும் பக்கத்தில் 2 புள்ளி. வேறுபாடு நீளத்தில்தான் என்று மாணவர்கள் நினைத்ததில் தப்பு என்ன? 1977-ல் கிம்சன் என்பவர் தயாரித்த 14-வது பதிப்பில்தான் இரண்டுக்கும் தனித்தனிக் குறி வந்தது.

அண்ணன் படித்த பழைய டிக்‌ஷனரி, தம்பி வாங்கிய புது டிக்‌ஷனரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே சொல்லுக்கு இரண்டு விதக் குறி தெரியும். எது சரி என்று பிள்ளை விழிக்கும். இரண்டும் சரிதான், காலம் வேறு என்று சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே!

விரல் காட்டும் வகுப்பு

அப்படியானால் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? செலவு இல்லாத வழி இருக்கிறது.

ஆசிரியர் கரும்பலகையில் 2 குறி எழுதுகிறார். 1 என்பது குழாய், 2 என்பது நாடா. நோட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்கிறார். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலோ, இரண்டு விரலோ காட்ட வேண்டும்.

கண்ணை ஏன் மூட வேண்டும்? திறந்து இருந்தால் முதல் பெஞ்சுக்காரர் விரலைப் பார்த்துப் பின் பெஞ்சுக்காரர் விரல் நீட்டுவார். காதுக்குக் காப்பி அடிக்கத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும்!

வாயை ஏன் மறைக்க வேண்டும்? தாடை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தே சிலர் கண்டுபிடித்து விடுவார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் அடுத்த கட்டத்தில். முதலில் காது.

விரல் பாதிக்குப் பாதி பிரிந்தால், இன்னும் கேட்கப் பழகவில்லை என்று அர்த்தம். பெரும்பாலோர் சரியாகக் காட்டத் தொடங்கிய பிறகுதான் ‘சொல்லு’ என்று கேட்க வேண்டும். அதற்கும் பிறகுதான் ‘எழுது’. நம் வகுப்புகள் பலவற்றில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதல் நாளே எழுத்து, கடைசி வரை காது வருவதே இல்லை.

ஏட்ரியன் அண்டர்ஹில் என்ற ஆங்கிலேய ஆசிரியர் தயாரித்த அட்டவணையையும் வகுப்பில் மாட்டுகிறார்கள். அதில் குறிகள் அகர வரிசையில் இல்லை. நாக்கு முன்னால் நிற்கும் ஒலி இடதுபக்கம், பின்னால் போகும் ஒலி வலதுபக்கம். அட்டவணையே ஒரு வாய் மாதிரி. கோலால் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே போனால் வகுப்பு முழுவதும் நாக்கை நகர்த்திக்கொண்டே வரும்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் தேவை, ஆசிரியருக்கு அந்த 2 ஒலியும் வாயில் வர வேண்டும். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கும் வந்து இருக்க வேண்டும்.

1950-களின் கடைசியில், அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்க வகுப்பு ஆங்கில ஆசிரியர்கள் 27 ஆயிரம் பேருக்கு மறுபயிற்சி கொடுக்கப் பெரிய திட்டம் போட்டார்கள். சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெருகும் என்பதால் ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பெயர். சென்னை வெயிலில் பனிப்பந்து! ஆள் கணக்கு பெருகலாம். ஒலி அப்படி அல்ல. காது மாறிக் காது போகப்போகத் தேயும்.

17 போதும் என்றவர்கள்

“எதுக்குய்யா இங்கிலாந்துக்காரன் மாதிரி பேசணும்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இங்கிலாந்திலேயே எல்லோரும் அப்படிப் பேசுவது இல்லை.

ஐதராபாத்தில் 1958-ல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனத்தில் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார்கள். 2007-ல் பல்கலைக்கழகம் ஆனது அதுதான். அங்கே இருந்த பன்சால் 1969-ல், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்பது பற்றிய ஆய்வை வெளியிட்டார். படித்த இந்தியர் பேசும் பொது ஆங்கிலத்துக்கு என்று தனிப் பட்டியலும் உருவானது. அதில் உயிர் ஒலி 17. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பலர் கையில் இருக்கும் பாலசுப்பிரமணியன் எழுதிய 1981-ம் ஆண்டுப் பாடநூலிலும் இந்தியரின் சிக்கல்கள் தனியாகப் பேசப்படுகின்றன.

அந்த 17-ல் நாடாவுக்குச் சுத்தமான ‘ஏ’ போதும், நழுவ வேண்டியது இல்லை. கப் ஒலி, நர்ஸ் ஒலி, ஷ்வா மூன்றும் ஒரே வீட்டில் குடி இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பட்டியலிலும் குழாய் வேறு, நாடா வேறு! அதற்கு மட்டும் சலுகை கிடையாது.

பேசும் டிக்‌ஷனரி

இன்று செல்போனில் டிக்‌ஷனரி இருக்கிறது. சொல்லைத் தொட்டால் அதுவே வாய் திறந்து பேசுகிறது. பிறகு குறி எதற்கு?

போன் ஒலியைக் கொடுக்கும், காதைக் கொடுக்காது. 100 தடவை தட்டிக் கேட்டாலும், பழைய பெட்டியில் போட்டே கேட்கும் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். “இதில் எந்தக் குறி?” என்று கேட்கும்போதுதான் ஒன்றைத் தேர்ந்து எடுக்கவேண்டிய கட்டாயம் வருகிறது. அந்தக் கட்டாயத்தில்தான் காது விழிக்கிறது. கிராமத்துத் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் மாணவிக்கு, பட்டணத்து கான்வென்ட் பிள்ளையோடு சரிசமமாக நிற்க இது ஒரு நல்ல படி. இருவரும் ஒரே நாளில்தான் அந்தக் குறிகளைப் பார்க்கிறார்கள்.

ஆனால் பரீட்சை வேறு வழியில் போகிறது. ஒலிப்பதிவு எதுவும் இல்லை. கேள்வித்தாளில் சொல் அச்சாகி இருக்கும். குறியில் எழுத வேண்டும். வழக்கமாக வரும் சொற்களை உருப்போட்டுவிட்டால் தீர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. சுற்றுலாவைக் குறிக்கும் ‘டூர்’, ஏழையைக் குறிக்கும் ‘பூர்’ இரண்டிலும் கூட்டு ஒலி என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்த 8-ல் அது ஒன்று. இங்கிலாந்தில் இளைய தலைமுறையில் பலர் அதைக் கைவிட்டு விட்டார்கள். கதவைக் குறிக்கும் சொல்லில் வரும் நீண்ட தனி ஒலியையே இவற்றுக்கும் போடுகிறார்கள். போன் டிக்‌ஷனரியில் அந்தக் குரலைக் கேட்ட ஒரு மாணவி, கேட்டது கேட்டபடி தனி ஒலிக் குறியைப் போட்டுவிட்டு வந்தால், பழைய விடைக்குறிப்பை வைத்துத் திருத்துகிறவர் கையில் அவருக்கு மார்க் போய்விடும். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தடவைகூடக் கேட்காமல் உருப்போட்டு எழுதியவருக்கு முழு மார்க்!